ஆமை நின்ற இடத்தில் ஒரு சிவப்பு வட்டம்

காளான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. கோயமுத்தூரில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி நிற்கும். வண்டிக்காரர் தட்டில் வெங்காயம் தூவித் தருவதற்குள் கைப்பேசியில் மின்மினியைப் பார்த்துவிடுவது என் வழக்கம். மின்மினி ஒரு பங்குனி ஆமை. பெயர் வைத்தவர்கள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். திருவொற்றியூர் பக்கத்தில் மணலில் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிய வழியில் அதை நிறுத்தி, முதுகு ஓட்டில் கைக்கடக்கமான ஒரு பெட்டியைப் பசை போட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மூச்சு விட மேலே வரும்போதெல்லாம் பெட்டியின் கம்பி தண்ணீருக்கு வெளியே நீளும். அந்த நேரம் வானத்தில் செயற்கைக்கோள் இருந்தால் சேதி போகும். சேதி ஒரு புள்ளியாக என் வரைபடத்தில் வந்து விழும். ஒட்டியவர்கள் வேறு ஆட்கள். வரைபடம் மட்டும் என்னுடையது.

அன்றைக்கும் புள்ளி நகரவில்லை. பதினோராவது நாள்.

"செத்துருக்குமுங்க" என்றார் வண்டிக்காரர். தினமும் காட்டிக் காட்டி அவருக்கும் ஆமைமேல் அக்கறை வந்திருந்தது.

செத்து மிதந்தால் பெட்டி ஓயாமல் பேசும், செத்து மூழ்கினால் பேசவே பேசாது, இது ஒழுங்காக விட்டுவிட்டுப் பேசுகிறது, அதனால் மூச்சு விடுகிறது என்று விளக்கினேன்.

"அப்பறம் எதுக்குங்க அங்கயே நிக்குது?"

எனக்குத் தெரியவில்லை. இலங்கைப் பக்கமோ ஒடிசாப் பக்கமோ போயிருக்க வேண்டியது, கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. கடலின் அந்தத் துண்டை நான் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் நூறு முறை பார்த்திருப்பேன். நேரில் பார்த்ததில்லை. தட்டைக் கீழே வைப்பதற்குள், போய்ப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தேன். ஒரு நாளின் புள்ளியை நம்ப முடியாது, ஒரு கிலோமீட்டர்கூடத் தள்ளி விழும். ஆனால் பல நாள் புள்ளிகளைக் குவித்தால் நடுவிடம் துல்லியமாகக் கிடைத்துவிடும். குவித்தேன். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு, 'மின்மினிக்குப் பிடித்த இடம்' என்று எழுதி, அட்சரேகை தீர்க்கரேகை எண்களையும் கீழே கொடுத்தேன். ஊரில் பிள்ளைகள் மட்டும் பார்த்தால் போதுமா, மீனவர்களும் பார்க்கட்டும் என்று சென்னை மீனவர்கள் இருக்கும் ஒரு வாட்ஸப் குழுவிலும் இணைப்பை அனுப்பினேன். நிறையக் கட்டைவிரல்கள் வந்தன. சந்தோஷமாக இருந்தது.

மேடம், அதாவது எங்கள் திட்டத் தலைவர், நான்கு நாள் கொடுத்தார்.

தங்கியது ராயபுரத்தில், கல்லூரித் தோழியின் அக்கா ஷீலா வீட்டில். மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. ஷீலா அக்காவுக்குத் துறைமுகத்தில் வேலை. கதவைத் திறந்ததும் முதல் பேச்சு சாப்பாடுதான்.

"வா கண்ணு. தவக்காலம், கறி கெடையாது. நாப்பது நாளும் மீனுதான். பரவால்லியா?"

சங்கராமீன் குழம்பு, நெத்திலி வறுவல், கருவாட்டுத் தொக்கு. மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் ஐஸில் வைத்த மீனைப் பார்க்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு இதில் தவம் எங்கே என்று புரியவில்லை. கேட்டேவிட்டேன்.

"எங்களுக்கே புரியாது" என்றார். "ஃபாதர் கைல சொல்லிராத."

திருவொற்றியூருக்கு மெட்ரோவில் போ என்று அவர் சொன்னதைக் கேட்காமல், கடலை ஒட்டிய சாலையில் போக வேண்டும் என்று ஷேர் ஆட்டோ ஏறினேன். சரக்குப் பெட்டி ஏற்றிய நீள லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. ஓட்டுநர்கள் இறங்கி, சக்கர நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டை துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். கொடியின் ஒரு முனை அவர் லாரியில், மறு முனை முன்னால் நின்ற லாரியில். அரைமணி நேரம் கழித்தும் அந்தச் சட்டை எங்களுக்கு நேராகவே இருந்தது.

"இன்னா கண்ணு, அவசரமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கொஞ்சம் அவசரமுங்க."

"அப்ப எறங்கி நட. நா நாளைக்கி வந்து சேந்துக்கறேன்."

நடந்தேன். எங்கள் ஊரில் தெருவின் கடைசியில் மலை தெரியும். இங்கே கப்பல் தெரிகிறது, வீடுகளின் மொட்டை மாடியைவிட உயரத்தில். வடக்கே புகைபோக்கிகள். கரையில் மணலைவிடக் கருங்கல் அதிகம். கடல் தெருவுக்குள் வராமலிருக்கக் கொட்டிய கற்கள். அந்தக் கற்களின்மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது, வலைகளுக்கு நடுவே ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து கிழிசல் பின்னிக்கொண்டிருந்தார். பெயர் கன்னியம்மா. பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி பாளையம். எந்தக் குப்பம் என்று மட்டும் எழுதப் போவதில்லை. காரணம் சொல்கிறேன்.

கைப்பேசியை நீட்டி என் வட்டத்தைக் காட்டினேன். "அக்கா, இந்த இடத்துல என்னங்க இருக்குது?"

கன்னியம்மா பார்த்தார். தம்பியிடம் நீட்டினார். அவரும் பார்த்தார்.

"அங்க ஒண்ணியும் கெடையாது. வெறும் சேறு."

"செம சேறு" என்றார் பாளையம். "கால வச்சா இடுப்பு வரைக்கும் உள்ள பூடும்."

நடுக்கடலில் யார் கால் வைத்துப் பார்த்தார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அங்கே போக முடியுமா என்று கேட்டேன். படகு ரிப்பேர் என்றார்கள். பக்கத்தில் நின்ற அவர்களுடைய ஃபைபர் படகு அப்போதுதான் கடலிலிருந்து ஏறியதுபோல ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் கவனிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அழகாக எழுதிக்கொண்டேன்: அடித்தரை, சேறு.

சாயங்காலம் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், முட்டைக்கோஸும் புளித்தண்ணியும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்க் காளானிலும் பாதி முட்டைக்கோஸ்தான் என்று கடைக்காரரிடம் சொன்னேன். "எல்லா ஊர்லயும் ஏமாத்துறதுக்கு அதான்மா கெடைக்குது" என்றார்.

மறுநாள் காலையில் ஷீலா அக்கா மீன் வாங்கக் காசிமேட்டுக்குக் கிளம்பினார். கூடப் போனேன். விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கரைக்கு வர வேண்டியவர் நாலைந்து படகு தாண்டி, அடுத்தவர் சமையல் பாத்திரத்தை மிதிக்காமல் வர வேண்டும். ஏலக்காரர்கள் பேசுவது தமிழா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்று முறை கேட்டபிறகுதான் அது எண்கள் என்று தெரிந்தது.

ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் என் சட்டையையே பார்த்தார். திட்டத்தின் பெயரும் ஆமைப் படமும் போட்ட சட்டை.

"ஆமை மேப்பு போட்ட பொண்ணு நீயா?"

"ஆமாங்க." பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஷோக்கா கீதுமா. ரெட் கலர்ல ஒரு ரவுண்டு போட்டியே, அது சூப்பரு." கைப்பேசியை எடுத்துக் காட்டினார். என் வரைபடம். "ஆமை சும்மா நிக்காது. எறா, நண்டு கீற எடத்துலதான் நிக்கும். இன்னாடா இதுன்னு போய் சுத்தி இழுத்துப் பாத்தோம். நாலு நாளா நல்ல பாடு." பாடு என்றால் வலையில் விழும் வரத்து.

"அது கரைக்குப் பக்கமாச்சுங்களே? அஞ்சு மைலுக்குள்ள விசைப்படகு வரக்கூடாதுன்னு…"

"கூடாதுதான்" என்று ஒப்புக்கொண்டார், மழை வரும் என்பதுபோல. பிறகு உள்ளே கைவிட்டு இரண்டு கை நிறைய இறாலை அள்ளி ஷீலா அக்காவின் பையில் போட்டார். "வச்சுக்க. உனுக்கும் பங்கு இல்லியா?"

வீட்டில் அது தொக்கானது. வீடு முழுக்க மணம். ஷீலா அக்கா என் தட்டில் வைத்த இறாலை நான் ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். என்ன என்று கேட்டார். சொன்னேன். நான் வட்டம் போட்டதால் விசைப்படகுகள் அங்கே வருகின்றன. இழுவலைக்குள் போன ஆமை மூச்சு விட மேலே வர முடியாது. மின்மினி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. அந்த இடத்தைச் சேறு என்று சொன்னவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதும் இப்போது புரிகிறது.

"அப்ப இது உன் ஆமை காட்டிக் குட்த்த எறாவா?"

"ஆமாங்க்கா."

கொஞ்ச நேரம் தொக்கைப் பார்த்தார். "எறா இன்னா பண்ணிச்சி, பாவம்" என்று சாப்பிட்டு முடித்தார். "நீ போய் அவங்க கைல உண்மைய சொல்லு. இந்தவாட்டி மெட்ரோல போ."

கன்னியம்மா அதே கல்லில் இருந்தார். இம்முறை கணவரும் இருந்தார், தேசப்பன். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கைகளிலும் கயிறு அறுத்த தழும்புகள்.

"அக்கா, அந்த வட்டம் நான் போட்டதுங்க."

"தெரியும்" என்றார் கன்னியம்மா, ஊசியை நிறுத்தாமல். "நேத்து நீ காட்டும்போதே தெரியும். எங்க பார எங்களுக்கே காட்டி, இங்க இன்னா கீதுன்னு கேக்கற. இன்னா சொல்றது உனுக்கு?"

பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. மீனும் நண்டும் அதைச் சுற்றித்தான் இருக்கும். பார் இருக்கும் இடத்தை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதில்லை. அண்ணன் தம்பிக்குச் சொல்வதில்லை. கேட்டால் சேறு என்பார்கள். கேட்டவருக்கும் அது பொய் என்று தெரியும், அவரும் மேலே கேட்கமாட்டார். அதுதான் முறை. நான் அந்த முறைக்குள் எண்களோடு நுழைந்திருக்கிறேன்.

"கோயமுத்தூரா நீ?" என்றார் தேசப்பன். "உங்க ஊர்ல ஒருத்தன் தண்ணி பாத்து எடத்த கண்டுபுடிச்சி வச்சிகினு கீறான். நா போய் ரோட்ல போர்டு வச்சிட்டு வந்தா இன்னா பண்ணுவான்?"

"வெட்டுவாங்க."

"நா வெட்டல. காலைல வா. வந்து பாரு."

"அவனுங்க கரைக்குள்ள வர்றானுங்கன்னு மனு குட்த்துருக்கோம்" என்றார் கன்னியம்மா. "மனு போய்ச் சேர்றதுக்குள்ள வலை பூட்டுது."

மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் படகில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியை அணைத்து, ஐஸ் பெட்டியில் ஐஸ் இல்லாத மூலையில் வைக்கச் சொன்னார் பாளையம். கரையிலிருந்து நேராக என் வட்டத்துக்குப் போவோம் என்று நினைத்திருந்தேன். படகு வடக்கே புகைபோக்கிகளைப் பார்த்து ஓடியது. வழி தவறிவிட்டார்களோ என்று நெளிந்தேன். நங்கூரமிட்டு நின்ற ஒரு சரக்குக் கப்பலின் பின்பக்கம் போனோம். கரையும் மறைந்து, மற்றப் படகுகளும் மறைந்த அந்த நிழலில் தேசப்பன் சடாரென்று திருப்பி, வேறு திசையில் விட்டார். எவனாவது பார்த்துக்கொண்டிருந்தால் நாங்கள் இன்னும் கப்பலுக்குப் பின்னால்தான் இருக்கிறோம்.

என் காலை இட்லி அந்தத் திருப்பத்தில் கடலுக்குப் போயிற்று.

"நல்லா போடு" என்றார் பாளையம். "மீனுங்களும் கோயமுத்தூர் இட்லி சாப்டட்டும்."

தேசப்பன் கையில் இருந்த சின்ன ஜிபிஎஸ் கருவியில் இடங்களின் பட்டியல் ஓடியது. எட்டிப் பார்த்தேன். எல்லாம் பஸ் எண்கள். கருவி தொலைந்தாலும், யாராவது எடுத்தாலும், எது பார், எது வெறும் சேறு என்று தெரியாது. எந்த எண் எது என்று பாளையத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அக்காவ கட்டிக்குட்த்து அஞ்சு வருசம் கழிச்சிதான் ஒரு பஸ்ஸ சொன்னான் மாமு" என்றார் அவர்.

இடம் வந்தது. எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். தேசப்பன் மிதவையைத் தேடினார். நண்டு வலையின் ஒரு முனையில் கல்லும் மறு முனையில் மிதவையும் இருக்கும். முதல் மிதவை இல்லை. சுற்றி வந்தோம். இரண்டாவதும் இல்லை. மூன்றாவது கிடைத்தது, இழுத்தபோது கொஞ்சம் வலையும் நிறையக் கயிறும் வந்தன. கயிற்றின் நுனி பிய்ந்து துடைப்பம்போல இருந்தது.

"பார் மேல இழுக்க மாட்டான்" என்று தேசப்பன் விசைப்படகுக்காரரைப் பற்றி எனக்குச் சொன்னார். "அவன் வலை கிழியும். ஓரத்துல சுத்தி சுத்தி இழுப்பான். நம்ம வலை அந்த ஓரத்துலதான் கீது."

கிடைத்த துண்டில் நான்கு நண்டுகள் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்தார். கிழிந்த வலையைக் கடாசிவிடுவார் என்று நினைத்தேன். துவைத்த வேட்டியை மடிப்பதுபோல மடித்து வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்போதுதான் பாளையம் என் தோளைத் தட்டினார். படகிலிருந்து கொஞ்ச தூரத்தில் முஷ்டி அளவுக்கு ஒரு தலை. புஸ் என்று ஒரு மூச்சு, வயசான மனிதர் நாற்காலியில் உட்காரும்போது விடுவதுபோல. முதுகில் பெட்டி இருந்ததா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. இரண்டு மூச்சுக்குள் போய்விட்டது. திரையில் புள்ளியாகப் பார்த்துப் பார்த்து, அதற்கு மூக்கு இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது.

"உன் ஆளா?" என்றார் பாளையம்.

"தெரியலீங்க."

"எங்களுக்கு இது பழக்கம். டெய்லி வரும். நண்டு வலைய கடிச்சி வச்சிட்டுப் பூடும், கம்னாட்டி." அன்பாகத்தான் சொன்னார்.

தெற்கே ஒரு விசைப்படகு தெரிந்தது. தேசப்பன் எஞ்சினைக் கிளப்பி, வெகுதூரம் தள்ளி நிறுத்தி, ஒரு பழைய வலையைத் தண்ணீரில் விட்டார். ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் மாட்டவில்லை. இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"சேறு" என்றார் பாளையம். "இது நெஜமாவே சேறு."

எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்காகப் போட்ட வலை அது. தன் இடத்தைக் காப்பாற்ற ஒரு மனிதர் ஒரு மணி நேர வெயிலைச் செலவழிக்கிறார். நான் அதே இடத்தை ஒரு சாயங்காலத்தில், காளான் சாப்பிட்டுக்கொண்டே, ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் தேசப்பன் கொஞ்சம் பேசினார். பதினாறு வயதிலிருந்து விசைப்படகில் கூலியாக இருந்தவர். இறங்கி, சொந்தமாக இந்தப் படகை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது.

"இந்தப் பார் செத்துச்சின்னா திரும்ப லாஞ்சுக்குத்தான் போவணும். இப்ப எவன் இஸ்துகினு கீறானோ, அவங்கிட்டயே போய் வேலைக்கு நிக்கணும்." விசைப்படகை இங்கே லாஞ்சு என்கிறார்கள். "நீ அத்த எடுத்துடு."

"இன்னிக்கே எடுத்துடறேங்கண்ணா."

கரை ஏறியதும் ஐஸ் பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்தேன். சில்லென்று இருந்தது. கருங்கல்லில் உட்கார்ந்து வட்டத்தை எடுத்தேன். பிறகு வரைபடம் முழுவதையும் எடுத்தேன். அதன்பிறகுதான் மேடத்தைக் கூப்பிட்டேன். அந்த வரிசை தப்புத்தான்.

"வட்டத்தை எடுத்தது சரி பவித்ரா. புள்ளிய ஏன் எடுத்தே? ஸ்கூல்ல எல்லாம் தினமும் காலைல பாக்கறாங்க."

"புள்ளி இருந்தா வட்டத்த யார் வேணும்னாலும் போட்டுக்கலாம் மேடம். பத்து நாள் பாத்தா போதும்."

"சரி, வா. நேர்ல பேசலாம்" என்றார். குரலில் ஒன்றும் சரியாக இல்லை.

"எடுத்துட்டியா?" என்றார் கன்னியம்மா.

"எடுத்துட்டேங்க்கா."

"பாத்தவன் பாத்தது?"

அந்தக் காசிமேட்டுக்காரர் எண்களை எப்போதோ தன் கருவியில் ஏற்றியிருப்பார். பஸ் எண்ணாக எழுதிவைக்க வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை.

நான்காம் நாள் காலையில், ஷீலா அக்கா வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டே, என் ஒருத்திக்கு மட்டும் தெரியும் புள்ளியைப் பார்த்தேன். நகர்ந்திருந்தது. வட்டத்தை விட்டு வெகுதூரம், வடகிழக்கே. நடுவில் நிற்காத நீளமான கோடு. மின்மினி கிளம்பிவிட்டது. வாயில் நுரையோடு சிரித்தேன், எதிர் மாடியில் துணி காயப்போட்டவர் பயந்துபோனார்.

ஊருக்குக் கிளம்பும் முன் இதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று குப்பத்துக்குப் போனேன். நல்ல சேதி கொண்டுபோவதாகத்தான் நினைப்பு. தூரத்தில் இரண்டு விசைப்படகுகள் இன்னும் அந்தப் பக்கமே நின்றன.

"ஆமை போயிடுச்சுங்க்கா."

கன்னியம்மா ஊசியைக் கீழே வைத்தார். இந்த நான்கு நாளில் அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப இப்ப போடு."

"என்னதுங்க?"

"மேப்ப. பூட்டுதுன்னு காட்டு. அவனுங்க ஆமைய பாத்துதான வந்தானுங்க? அது போற எடத்துக்குப் பின்னால போவட்டும். எங்க பார விட்டுத் தொலையட்டும்."

பொய் இல்லை அது. ஆமை உண்மையாகவே போய்க்கொண்டிருந்தது. மேடமும் சந்தோஷப்படுவார், பிள்ளைகளும் சந்தோஷப்படுவார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு மணி நேரத்தில் காசிமேட்டில் தெரிந்துவிடும்.

"போடலாங்க்கா. ஆனா அவங்க பின்னால போனா ஆமை வலைல மாட்டும்."

"அது கடல் பூரா போவும். எப்டியாவது தப்பிச்சிக்கும். நாங்க எங்க போறது?"

வலை போனது அவருக்கு. வட்டம் போட்டது நான். ஆமைக்காகப் பேச எனக்கு அந்தக் கல்லின்மேல் என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை. விரல் திரைக்கு மேலேயே நின்றது. அழுத்தியிருப்பேனா? அழுத்தியிருக்கமாட்டேன் என்று இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுவது எளிது.

பக்கத்தில் நின்ற தேசப்பன் கையை நீட்டினார். கைப்பேசியைக் கொடுத்தேன். கோட்டை விரலால் பெரிதாக்கினார். அதன் நுனியைப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். நுனியில் புள்ளிகள் மறுபடியும் நெருங்கி விழத் தொடங்கியிருந்தன.

"இது எப்ப?"

"இன்னிக்குக் காலைலங்க."

அவர் முகம் மாறியது. கோபம் இல்லை. பிறர் வீட்டுக் கதவு திறந்திருக்கும்போது தெரியாமல் உள்ளே பார்த்துவிட்டவர் முகம்.

"வாணாம். போடாத" என்றார்.

"ஏன்?" என்றார் கன்னியம்மா.

"இது எண்ணூர் பக்கத்து ஆளுங்க பார்."

"அவனுங்க உனுக்கு இன்னா மாமனா மச்சானா?"

"ஒண்ணியும் இல்ல. அவன் பாயிண்ட நா சொல்லக் கூடாது."

"நீ எங்க சொல்ற? ஆமை சொல்லுது."

"நா பாத்தேன் இல்ல?" என்றார் தேசப்பன். லுங்கி நுனியால் திரையைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நா இத்த பாக்காம இருந்திருக்கணும்."

கன்னியம்மா ஊசியை எடுத்துக்கொண்டார். நான் கிளம்புகிறேன் என்றபோது தலையை மட்டும் ஆட்டினார். பாளையம்தான் மெட்ரோ வரைக்கும் வந்து, வழிக்கு என்று ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

மின்மினிக்குப் பிடித்த இடம் என்று எழுதியிருந்தேன். அது பாரிலிருந்து பாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பாரும் ஏதோ ஒரு குப்பத்தின் வாயடைத்த ரகசியம். அதன் முதுகில் பெட்டியை ஒட்டி நாங்கள் அத்தனை ரகசியத்தையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறோம். வரைபடமே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆமை எந்த வழியில் போகிறது என்று தெரியாமல் அந்த வழியைக் காப்பாற்ற முடியாது. பார்களை மட்டும் மறைக்கலாம் என்றால் அவை எங்கே என்று எனக்கு முதலில் தெரிய வேண்டும். அதை யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

இதைப் பற்றி மேடத்திடம் இரண்டு மணி நேரம் பேசினேன். முதல் மணி நேரம் கேட்காமல் எடுத்ததற்கு. இரண்டாவது மணி நேரத்தில் ஒரு வழி வந்தது. பார் எங்கே என்று எனக்குத் தெரிய வேண்டாம். ஆமைக்குத் தெரியும். அதன் வேகம் குறைந்து ஓரிடத்தில் சுற்ற ஆரம்பித்தால் வரைபடம் தானாகவே புள்ளிகளை விழுங்கிவிட வேண்டும். வேகம் பிடித்துக் கிளம்பி, நிறைய தூரம் போன பிறகே மறுபடியும் காட்ட வேண்டும், அதுவும் ஒரு மாதம் தாமதமாக. போகிற ஆமையைக் காட்டும், நிற்கிற ஆமையைக் காட்டாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சில வாரம் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருக்கட்டும் என்றார் மேடம்.

நிரல் எழுதிவிட்டேன். அது வேலை செய்கிறதா என்று என்னால் சோதிக்க முடியாது, எனக்குப் பார் தெரியாது. அதனால் தேசப்பனைக் கூப்பிட்டேன். இந்தப் பருவம் முடிவதற்குள் இன்னொரு ஆமைக்குப் பெட்டி ஒட்டப்போகிறோம், அதன் வரைபடத்தை உங்களுக்கு மட்டும் முதலில் அனுப்புகிறேன், அதை வைத்து யாருடைய பாரையாவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பின்னால் கன்னியம்மாவின் குரல் கேட்டது. கைப்பேசி கை மாறியது.

"அவரு கைல குடுக்காத. அவரு கண்டுபுடிச்சாலும் சொல்ல மாட்டாரு. எங்கிட்ட அனுப்பு. நா கண்டுபுடிக்கறேன்."

கன்னியம்மாவுக்குத்தான் அனுப்பப்போகிறேன். ஒரு மாதம் அவர் தேடட்டும். ஒரு பாரையாவது சரியாகச் சொல்லிவிட்டால், வரைபடத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும்.